அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி – நம் பக்கத்து மலையில் ஒரு புதையல் வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017-இல் வந்த வீடியோ கேம் இது. இன்றும் தள்ளுபடி விற்பனை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிற கதை, பிள்ளையார் வேறு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் நம் ஆட்களுக்கு ஒரு குறுகுறுப்பு. மூன்று முறை முடித்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். முடிவைச் சொல்லமாட்டேன். நடுவில் கொஞ்சம் கசியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது எந்தக் கேம்? யார் கதை?

நாட்டி டாக் நிறுவனம் செய்த ஆக்‌ஷன் அட்வென்சர். 2017 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. அன்சார்ட்டட் வரிசையில் வழக்கமாக நேதன் டிரேக் என்பவர்தான் நாயகன். இதில் அவர் கிடையாது. 2009-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அறிமுகமான குளோயி பிரேசர்தான் இங்கே எல்லாம். கூட வருபவர் நதீன் ராஸ். தென்னாப்பிரிக்கர், கூலிப்படைத் தலைவியாக இருந்தவர், நான்காம் பாகத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர். இருவரும், கர்நாடகத்தை ஆண்ட ஹொய்சளர் காலத்துப் புதையலான கணேசரின் தந்தத்தைத் தேடி இந்தியாவுக்கு வருகிறார்கள். அதே தந்தத்துக்காக அசவ் என்ற கிளர்ச்சிப்படைத் தலைவனும் அலைகிறான்.

முந்தைய பாகங்களை விளையாடாமல் நேராக இதில் இறங்கலாமா?

இறங்கலாம். நதீன் ஏன் அப்படிக் கடுகடுவென்று இருக்கிறாள் என்பது நான்காம் பாகம் விளையாடியவர்களுக்கு முன்பே தெரியும், உங்களுக்குப் போகப்போகத் தெரியும். பிற்பகுதியில் பழைய ஆள் ஒருவர் வந்து சேரும்போது மட்டும் "யாரப்பா இவர்?" என்று தோன்றும். அவ்வளவுதான் இழப்பு.

ரொம்பச் சின்னக் கேமாமே?

ஒன்பது சேப்டர்கள். கதையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால் ஏழெட்டு மணி நேரம். மூலைமுடுக்கெல்லாம் துழாவினால் பத்துக்கு மேல் போகும். முதலில் இதை நான்காம் பாகத்துக்கு ஒரு டிஎல்சியாகத்தான், அதாவது பின்னால் சேர்க்கும் கூடுதல் பகுதியாகத்தான், தொடங்கினார்கள். வேலை பெருகி, தனிக் கேமாகவே வெளியே வந்தது. வெளியானபோது அமெரிக்காவில் 40 டாலர். அந்தக் காலத்தில் பெரிய கேம்கள் 60 டாலர்.

நான்காம் பாகத்தைவிட இது சிறியது என்பதையே இதன் முதல் நல்ல குணமாகச் சொல்வேன். அதில் நடுவில் எனக்கு இரண்டு முறை கொட்டாவி வந்தது. இதில் ஒருமுறைகூட வரவில்லை.

அப்படி இதில் எதுதான் பிரமாதம்?

நான்காவது சேப்டர். பெயரே மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

அன்சார்ட்டட் கேம்கள் நம்மைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிற ரகம். இங்கே ஏறு, அங்கே தாவு, இது இடியும், ஓடு. இந்தச் சேப்டரில் அந்தக் கை நம்மை விட்டுவிடுகிறது. ஒரு ஜீப், செம்மண் சேறு, சுற்றிலும் அருவிகள், நடுவே ஒரு கோபுரம். கோபுரத்தின் மேலே ஏறி நின்று பார்த்தால் தூரத்தில் மூன்று கோட்டைகள் தெரியும். கோடரி, வில், திரிசூலம் என்று ஆளுக்கொரு சின்னம். எதற்கு முதலில் போவது என்பது நம் இஷ்டம். குளோயி காகித வரைபடத்தை எடுத்துப் பேனாவால் குறித்துக்கொள்கிறாள். போய் வந்த இடத்தை அவளே அடித்துவிடுகிறாள். திரையின் மூலையில் அம்புக்குறி வந்து "இங்கே வா, இங்கே வா" என்று நச்சரிப்பதில்லை.

சேற்றில் ஜீப் வழுக்கும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தப் பின்சக்கரம் சறுக்கும் உணர்வு சட்டென்று பிடிபடும். ஏற முடியாத மேடு வந்தால் முன்னால் உள்ள வின்ச் கயிற்றை மரத்தில் சுற்றி இழுத்து ஏற்றலாம்.

இதே சேப்டரில் ஹொய்சள நாணய வில்லைகளைத் தேடிச் சேர்க்கும் ஒரு கிளைவேலை உண்டு. செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மாணிக்கக் காப்பு கிடைக்கும், பக்கத்தில் புதையல் இருந்தால் கன்ட்ரோலர் மெல்ல அதிரும். பரிசு சிறியது. ஆனால் அதைத் தேடிப் போகிற வழியில் அருவிக்குப் பின்னால் ஒரு சிறு மண்டபமோ, தண்ணீருக்குள் பாதி மூழ்கிய தூண்களோ கண்ணில் படும். என் முதல் ஆட்டத்தில் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு சேப்டரிலேயே கழிந்தது.

அப்போ இது இஷ்டத்துக்கு எங்கும் சுற்றுகிற ஓப்பன் வேர்ல்டா?

இல்லை. அந்த ஒரு சேப்டர்தான் திறந்த மைதானம். அது முடிந்ததும் கதவு சாத்தப்பட்டு, பழைய ஒற்றையடிப் பாதைக்கே திரும்புகிறோம். இதுதான் எனக்குள்ள பெரிய மனக்குறை. கையில் இருந்த நல்ல யோசனையைப் பாதியில் கீழே வைத்துவிட்டார்கள்.

பிள்ளையார் தந்தம் ஒடிந்த கதை நாம் கேட்டதுபோல் இல்லையே, தப்பாகச் சொல்கிறார்களா?

நிறையப் பேர் இதில் கோபித்துக்கொள்கிறார்கள். நமக்குப் பாட்டி சொன்னது வேறு: வியாசர் பாரதம் சொல்லச் சொல்ல, எழுத்தாணிக்காகத் தன் கொம்பையே ஒடித்து எழுதினார் பிள்ளையார். அல்லது, ஒடித்த கொம்பைக் கஜமுகாசுரன் மேல் எறிந்தார். கேமில் வருவது பரசுராமர் கதை. அதுவும் புராணத்தில் உள்ளதுதான், யாரும் இட்டுக்கட்டவில்லை. சிவனைப் பார்க்கப் பரசுராமர் வருகிறார். வாசலில் பிள்ளையார் மறிக்கிறார். சண்டை மூள்கிறது. பரசுராமர் கோடரியை வீசுகிறார். அது தன் அப்பா கொடுத்த கோடரி என்று பிள்ளையாருக்குத் தெரியும். தடுத்தால் அப்பாவின் ஆயுதம் வீண் என்றாகிவிடும். அதனால் தந்தத்தைக் காட்டி அடியை வாங்கிக்கொள்கிறார்.

குளோயி இந்தக் கதையை நதீனுக்குச் சொல்கிற இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். குளோயியின் அப்பா இந்தியர். இந்தத் தந்தத்தைத் தேடியே வாழ்க்கையைக் கழித்தவர். அப்பாவிடமிருந்து வந்த ஒன்றால் காயம்பட்டும் அதை விட்டுக்கொடுக்காத பிள்ளையின் கதையை அந்த மகளே சொல்கிறாள். இத்தனை ஒடிந்த கொம்புக் கதைகளில் இதை மட்டும் எடுத்தவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கிறது. இந்தியாவைப் பற்றி இந்தக் கேம் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே விஷயம் இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

ஹொய்சளர் வரலாறு? அதில் எவ்வளவு நிஜம்?

பெயர்கள் நிஜம். மற்றதெல்லாம் கற்பனை.

ஹளேபீடு, பேலூர் என்ற பெயர்களைக் கேம் எடுத்துக்கொண்டு, ஆள் நடமாட்டமே இல்லாத மலைக்காட்டுக்குள் மறைந்துபோன மாநகரங்களாக மாற்றிவிடுகிறது. மலையளவு பிள்ளையார், பள்ளத்தாக்கையே மறைக்கும் சிலைகள். நிஜத்தில் இரண்டு ஊர்களும் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், ஒன்றுக்கொன்று சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி, பஸ் போகிற ஊர்கள். கோவில் வாசலில் இளநீர் விற்கிறார்கள். யாரும் எதையும் தொலைக்கவில்லை.

அளவு விஷயத்தில்தான் கேம் தலைகீழாகப் போகிறது. ஹொய்சளர்களின் பெருமை உயரத்தில் இல்லை, நுணுக்கத்தில் இருக்கிறது. வெட்டும்போது மிருதுவாக இருந்து நாளாக ஆக இறுகும் மாக்கல். அதில் நகை செய்வதுபோல் செதுக்கியிருப்பார்கள். நட்சத்திர வடிவ மேடை, கடைசலில் கடைந்ததுபோன்ற தூண்கள், சுவர் அடியில் வரிசையாக யானைகள். தஞ்சைப் பெரிய கோவிலைப் பார்க்க அண்ணாந்து நிற்க வேண்டும். ஹளேபீட்டில் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். கேம் செய்தவர்கள் பிரம்மாண்டம் வேண்டும் என்பதற்காக அந்தக் கலையின் உயிரையே மாற்றிவிட்டார்கள். ஆனால் தூண்களையும் விதான வேலைப்பாடுகளையும் பக்கத்தில் போய்ப் பார்த்தால், யாரோ நிஜப் படங்களை உட்கார்ந்து பார்த்திருப்பது தெரிகிறது. அந்த உழைப்பை மறுக்க முடியாது.

ஒரு சின்ன இடைச்செருகல். ஹளேபீடு என்றால் பழைய தலைநகர். கன்னட 'ஹளே' நம் 'பழைய', 'பீடு' நம் 'வீடு'. அக்கம்பக்கத்துச் சொற்கள். கேமில் அதை உச்சரிக்கும்போதெல்லாம் "பழைய வீடு, பழைய வீடு" என்றே என் காதில் விழுந்தது. அப்பாவின் நாட்டுக்குத் திரும்பி வரும் குளோயிக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

நமக்கும் ஹொய்சளர் அந்நியர் இல்லை. நம் ஊரில் போசளர் என்பார்கள். சமயபுரம் பக்கத்தில் கண்ணனூரில் தலைநகர் வைத்து ஆண்டார்கள். அங்கே அவர்கள் கட்டிய போசளீஸ்வரம்தான் மக்கள் வாயில் போஜீஸ்வரர் கோவிலாகியிருக்கிறது. திருவண்ணாமலையில் வல்லாள மகாராஜன் கோபுரம் இருக்கிறதே, அந்த வல்லாளன் மூன்றாம் வீர வல்லாளன் என்ற ஹொய்சள மன்னன்தான். பிள்ளையில்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து ஒவ்வொரு மாசியிலும் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். இவ்வளவு உயிருள்ள ஒரு வம்சத்தைப் போய் 'மறைந்துபோன நாகரிகம்' பட்டியலில் சேர்ப்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது.

சாமி சிலைகள் மேல் ஏறி விளையாட வேண்டியிருக்கிறதே, சங்கடமாக இருக்காதா?

நான் விளையாடும்போது அம்மா பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குளோயி சிலையைப் பிடித்து ஏறத் தொடங்கியதும், "ஏன்டா, செருப்புக் காலோட சாமி மேல ஏறுறா, கேக்க ஆளில்லையா?" என்றார். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். உண்மையில் என்னிடம் பதில் இல்லை. இந்த வரிசையின் எல்லாக் கேம்களிலும் இப்படித்தான். பழைய இடங்கள் எல்லாம் ஏணிதான். நேபாளத்திலோ மடகாஸ்கரிலோ ஏறியபோது எனக்கு உறைக்கவில்லை, நம் சாமி என்றதும் உறைத்தது. அந்த ஊர்க்காரர்களுக்கும் அப்போது உறைத்திருக்கும்.

சுற்றுலாப் பயணி கண்ணோடு செய்த கேம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கும்பிடுகிற ஆள் ஒருவர்கூட அந்த இடிபாடுகளில் இல்லை. ஒரு அகல்விளக்கு இல்லை, ஒரு செவ்வரளி இல்லை.

துப்பாக்கிச் சண்டை எப்படி?

நன்றாக இருக்கிறது, புதிதாக இல்லை. நான்காம் பாகத்தின் அதே ஓட்டம், அதே கயிற்று ஊஞ்சல், அதே புதர் மறைவு. சேர்த்தது கொஞ்சம்: சத்தம் அடக்கிய கைத்துப்பாக்கி, ஒட்டிவைத்து வெடிக்கும் சி4, பூட்டிய ஆயுதப் பெட்டிகளைக் கம்பியால் திறக்கும் வேலை. பூட்டைத் திறக்கும்போது எதிரி எந்த நேரமும் திரும்பிப் பார்க்கலாம் என்ற பதைப்பு நன்றாக வேலை செய்கிறது. நதீனோடு சேர்ந்து ஒருவனை இருவரும் மடக்கிப் போடும் அடிகள் பார்க்கவே கிண்ணென்று இருக்கும்.

குறை: அமைதியாக ஒளிந்து ஒளிந்து முடிக்க நினைத்தால் கேம் பாதியில் பொறுமை இழக்கிறது. ஒருவன் பார்த்துவிட்டால் முகாமே விழித்துக்கொள்ளும், திரும்ப ஒளிவது கஷ்டம். கடைசி சேப்டர்களில் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இத்தனை பேருக்கு அசவ் எப்படிச் சம்பளம் கொடுக்கிறான் என்று யோசித்திருக்கிறேன்.

புதிர்கள்?

வரிசையிலேயே சிறந்தவற்றில் சில இங்கே இருக்கின்றன. ஒன்றில் நாம் தாவும் ஒவ்வொரு முறையும் சுற்றி நிற்கும் சிலைகளும் ஆயுதத்தைச் சுழற்றும். எங்கே தாவுவது என்பதைச் சதுரங்கம் மாதிரி முன்கூட்டி யோசிக்க வேண்டும். நான் ஏழு முறை தலையைக் கொடுத்தேன். இன்னொன்றில் ஒளிக்கு முன்னால் உருவங்களை நகர்த்திச் சுவரில் நிழல் சேர்த்துப் புராணக் காட்சி உண்டாக்க வேண்டும். தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது கூடுதலாக இனிக்கும். கர்நாடகத்திலும் அந்தக் கலை உண்டு என்பதால் இடத்துக்கும் ஒட்டுகிறது.

எண்ணூறு தொள்ளாயிரம் வருடத்துப் பல்சக்கரங்கள் எண்ணெய் போட்டதுபோல் சுற்றுவதையும், நாம் கால் வைத்த உடனே மட்டும் பாலங்கள் இடிவதையும் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். இந்த ரகக் கேமுக்கு அது நுழைவுச்சீட்டு.

யானை வருகிறதாமே?

வருகிறது. சிக்கிக்கொண்ட ஒரு யானையைக் காப்பாற்றி, அதன் மேலேயே ஏறிப் போகிறார்கள். விளையாட்டாகப் பார்த்தால் அங்கே நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நதீனின் முகத்தை அங்கே பாருங்கள். அதுவரை கடுகடுத்தவள் குழந்தையாகிறாள்.

இரண்டு பெண்களின் கதை எடுபடுகிறதா?

கேமின் முதுகெலும்பே அதுதான். முதலில் வியாபாரக் கூட்டாளிகள், அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஜீப்பில் போகப் போகப் பேச்சு அவிழ்கிறது. எழுத்தாளர்கள் இதைப் பெரிய வசனங்களில் செய்யவில்லை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கிண்டல், பதிலுக்கு ஒரு முறைப்பு. குளோயி ஆபத்து வந்தால் நழுவுகிறவள் என்று பெயர் வாங்கியவள். அவள் நழுவாமல் நிற்கத் தீர்மானிக்கும் இடம் சத்தமில்லாமல் வருகிறது. காதல், கல்யாணம் என்று எதையும் நடுவில் திணிக்காததற்கே தனியாக மதிப்பெண் தரலாம்.

இயக்கியவர்கள் கர்ட் மார்கெனாவும் ஷான் எஸ்கேயும்.

குளோயி பாதி இந்தியர் என்கிறீர்கள், குரல் கொடுத்தவர்?

ஆஸ்திரேலிய நடிகை கிளாடியா பிளாக். 2009-இலிருந்து அவர்தான். இந்திய வம்சாவளியைக் கதையின் மையமாக்கியது இந்தக் கேமில்தான், அப்போது ஆளை மாற்ற முடியாத நிலை. நதீனுக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லி வெள்ளையர் என்பது நான்காம் பாகம் வந்தபோதே சர்ச்சையானது. இருவரும் அற்புதமாக நடித்திருக்கிறார்கள், அதனால் கேள்வி இல்லாமல் போய்விடாது. இந்திய அடையாளத்தைப் பற்றிய கதையில் தெற்காசிய வேர் உள்ள முக்கியக் குரல் வில்லனுடையதாக மட்டும் இருப்பது எனக்கு உறுத்தியது. அசவாக வரும் உஸ்மான் அலி பயமுறுத்தும் அளவுக்கு நிதானமாகப் பேசுகிறார். பாத்திரம்தான் மெலிந்தது. நாட்டைக் கொளுத்தப் பார்க்கிறான், தந்தம் அதற்கான விலை, அதற்கு மேல் அவனிடம் ஒன்றுமில்லை.

புதையலைத் தோண்டி எடுத்துப்போவது திருட்டு இல்லையா?

நல்ல கேள்வி. கேமும் ஓரளவு கேட்டுக்கொள்கிறது. யார் கைக்குத் தந்தம் போக வேண்டும் என்பது கதையின் ஒரு இழை. ஆனால் வழியெல்லாம் நாம் பொறுக்கிப் பையில் போடும் சின்னச் சின்னச் சிலைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு இங்கே ஸ்ரீபுரந்தான் நடராசர் நினைவுக்கு வந்தார். அரியலூர் மாவட்டத்துக் கோவிலிலிருந்து களவுபோய், 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் விலைகொடுத்து வாங்கி, 2014-இல் திரும்பி வந்தவர். குளோயி பாதி இந்தியர், பாதி ஆஸ்திரேலியர். கேம் வந்தது 2017-இல். இந்த ஒரு கோணத்தைத் தொட்டிருந்தால் கதை எங்கேயோ போயிருக்கும்.

கடைசி ரயில் காட்சி பற்றி?

ஓடும் ரயில், ஜீப், வெடிகள், பெட்டி பெட்டியாகத் தாவல். கைகள் வியர்த்தன. ஆனால் இரண்டாம் பாகத்து ரயிலை விளையாடியவர்களுக்கு இது பழைய பாட்டின் புது ரெக்கார்டிங். தானாக ஒரு குரலைக் கண்டுபிடித்த கேம், கடைசியில் தைரியமில்லாமல் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டது.

எதில் விளையாடுவது? என் பிசி தாங்குமா?

பிஎஸ்4-இல் விநாடிக்கு 30 பிரேம். 2022 ஜனவரியில் நான்காம் பாகத்தோடு சேர்த்து லெகசி ஆஃப் தீவ்ஸ் தொகுப்பாக பிஎஸ்5-க்கு வந்தது. அதில் 60 பிரேமில் வைத்து விளையாடுங்கள், ஜீப் ஓட்டம் வேறு அனுபவம். அதே தொகுப்பு 2022 அக்டோபரில் பிசிக்கும் வந்தது. குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 960 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம், 126 ஜிபி இடம். டேட்டா பேக்கில் டவுன்லோட் செய்கிறவர்கள் அந்தக் கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள். பலர் ஆன்லைனில் சேர்ந்து ஆடும் பழைய மல்டிபிளேயர் இந்தத் தொகுப்பில் இல்லை.

பிள்ளைகள் விளையாடலாமா?

அமெரிக்கத் தரச்சான்று பதின்ம வயதினருக்கு என்கிறது. ரத்தம் குறைவு, சுடுவது நிறைய, கெட்ட வார்த்தை அவ்வப்போது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். சண்டை கஷ்டமாக இருந்தால் எளிய நிலை உண்டு, குறியைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

ஒரே வரியில், வாங்கலாமா?

தள்ளுபடியில் யோசிக்காமல் வாங்குங்கள். முழு விலையில் என்றால், சுற்றிப் பார்க்கிற ஆளாக இருந்தால் மட்டும்.

முடித்துவிட்டேன். அடுத்து?

நான்காவது சேப்டரை மட்டும் திரும்ப எடுத்து, போட்டோ மோடில் ஒரு மாலை கழியுங்கள். அப்புறம் மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் ஹாசனுக்குப் போங்கள். பேலூர், ஹளேபீடு, மைசூர்ப் பக்கத்துச் சோமநாதபுரம் மூன்றும் 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. காலையிலேயே போய்விடுங்கள். அங்கே செருப்பை வாசலில் விட்டுத்தான் மேடையில் ஏற வேண்டும், பத்து மணிக்கு மேல் அந்தக் கல் சுடும்.